அயர்ன் கிடைக்கும், டிப் கிடைக்காது

2012-ல் திருச்சியில் கரண்ட் இருந்த நேரத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். கரண்ட் வந்ததும் ஊரே ஒரே மூச்சில் மாவரைக்கும், மோட்டார் போடும், இஸ்திரி போடும், செல்போனுக்கு சார்ஜ் ஏற்றும். வீட்டிலிருக்கும் பிளக்பாயிண்டுகளுக்கு அடிதடி நடக்கிற அந்த நேரத்தில், "கொஞ்சம் தள்ளுங்க, ரேடியோவுக்கு ஒரு சால்டர் வைக்கணும்" என்று ஒருவன் வந்து நின்றால் என்ன மரியாதை கிடைக்கும்? பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களுக்கு உயிர் கொடுப்பது என் பொழுதுபோக்கு. மிக்ஸி ஓய்ந்து, கிரைண்டர் ஓய்ந்து, எனக்கு முறை வந்து, அயர்ன் சூடேறி, ஈயம் இளகப் போகிற நேரம் பார்த்து கரண்ட் போய்விடும். போர்டில் பாதி ஒட்டிய கண்டென்சர் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னைப் பார்க்கும்.

இந்த அவலத்தை நேரில் பார்த்த என் மைத்துனன், அடுத்த முறை சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கேஸில் ஓடும் சால்டரிங் அயர்ன் ஒன்றைக் கொண்டுவந்தான். வயர் கிடையாது, பிளக் கிடையாது. பேனாவைவிடக் கொஞ்சம் தடிமன், சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். அடிப்பக்கம் சிகரெட் லைட்டருக்கு அடைக்கிற பியூட்டேனை அடைத்து, பட்டனைத் தட்டினால் அரை நிமிடத்தில் ஈயம் உருகுகிறது. மின்வாரியத்துக்கும் எனக்கும் இருந்த உறவு அன்றோடு முறிந்தது.

இதன் வித்தை டிப்புக்குள் இருக்கிறது. உள்ளே பிளாட்டினம் பூசிய ஒரு சின்ன வலைத்துண்டு. முதலில் சாதாரணமாகத் தீப்பிடிக்கும். பிளாட்டினம் செக்கச்செவேல் என்று ஆனதும் தீ அணைந்துவிடும். அதற்குப் பிறகு கேஸ் தீநாக்கே இல்லாமல் அந்த வலையின் மேலேயே எரிந்து சூடு கொடுக்கும். சூடான பிளாட்டினக் கம்பி இப்படித் தீயில்லாமல் வாயுவை எரியவைக்கும் என்பதைச் சுரங்க விளக்குக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஹம்ப்ரி டேவி 1817-லேயே கண்டு எழுதிவிட்டார். இதையெல்லாம் நான் வீட்டில் பெருமையாக விளக்கினேன். என் மனைவி ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"பிளாட்டினமா? எத்தன கிராம்?"

கண்ணுக்குத் தெரியாத அளவு என்று சொன்னேன். கல்யாணமான நாளாக அவளுக்கு நான் வாங்கித் தந்த பிளாட்டினமும் அதே அளவுதான் என்றாள்.

குளிர் தேசங்களில் இந்தக் கருவிக்கு ஒரு தொல்லை உண்டாம். பியூட்டேன் பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழே போனாலே ஆவியாக மறுத்து, திரவமாகவே உள்ளே உட்கார்ந்துவிடும். திருச்சிக்காரனுக்கு அந்தக் கவலை இல்லை. சித்திரை மாதத்தில் எங்கள் கவலை, பட்டனைத் தட்டுவதற்கு முன்பே ஈயம் உருகிவிடுமோ என்பதுதான்.

அதன் பொற்காலம் 2018 நவம்பர். கஜா புயலுக்குப் பிறகு பட்டுக்கோட்டைப் பக்கம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தத் தெருவின் எமர்ஜென்சி விளக்குகளுக்கெல்லாம் வயர் பற்றவைத்தேன். கரண்டே இல்லாத ஊரில் சால்டர் வைக்கிறவன் என்று சின்னப் பிள்ளைகள் வட்டமாக நின்று வேடிக்கை பார்த்தன. என் வாழ்க்கையில் எனக்குக் கூடிய கூட்டம் அது ஒன்றுதான்.

புகழ் வந்தால் வேண்டாத வேலையும் வரும். காது பிய்ந்த பிளாஸ்டிக் வாளியை இதை வைத்து இளக்கி ஒட்டலாம் என்று அம்மா கண்டுபிடித்தாள். குடம், முறம், கூடை, பக்கத்து வீட்டுக் குளியல் முக்காலி எல்லாம் வரிசையில் வந்தன. பிளாஸ்டிக் எரிந்து டிப்பில் கரியாகப் படிந்தது. நான் சுரண்டிச் சுரண்டி வைப்பேன். மறுநாள் இன்னொரு வாளி வரும். கடைசியில் முனை கறுத்து, குழி விழுந்து, ஈயத்தைத் தொட்டாலே உருண்டோட விட்டது.

எங்கள் தெருமுனை ரேடியோ மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் பிறந்ததிலிருந்தே கையில் அரத்தோடு இருப்பவர்.

"இதுக்குப் போயி ஏன் தம்பி கவலப்படற? குடு, நாலு இழுப்பு இழுத்தா புது பிட்டு."

டிப்பைப் பிடுங்கிக்கொண்டேன். அவர் காலத்து பிட்டு முழுச் செம்பு. தேயத் தேய ராவலாம், தீரும்வரை ஓடும். இதுவோ உள்ளே செம்பு, மேலே மெல்லிய இரும்பு முலாம். ஈயத்திலிருக்கும் வெள்ளீயம் செம்பைக் கரைத்துத் தின்றுவிடும், இரும்பை அவ்வளவு சீக்கிரம் தொடாது. அதற்காகத்தான் அந்த முலாம். அதை அரத்தால் ராவுவது அரிசி மூட்டையைப் பிரித்து எலியிடமே ஒப்படைக்கிற காரியம். இதை அவரிடம் மரியாதையாகச் சொன்னேன். "படிச்சவன் எல்லாம் இப்பிடித்தான்" என்று அரத்தைக் கீழே வைத்தார்.

பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிற ஒரு பெரியவர் சைக்கிளில் வருவார். அவர் டிப்பை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அயர்னைப் பற்றவைக்கச் சொல்லி, நவச்சாரக் கட்டியில் சூடான முனையை ஒரு தேய் தேய்த்தார். குபீரென்று வெள்ளைப் புகை. புகை விலகியபோது முனை பளிச்சென்று இருந்தது. வெளிநாட்டிலும் டிப் சுத்தம் செய்ய இதே நவச்சாரத்தைத்தான் பளபளப்பான டப்பாவில் விற்கிறார்கள். ஆனால் குழி குழிதான். முலாம் போன இடத்தில் செம்பு இளித்தது. சில வாரங்களில் முனையே மழுங்கிப்போனது.

சரி, புது டிப் வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். உள்ளூர்க் கடைக்காரர் டிப்பை மூக்குக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன சார், இன்ஜெக்டர் நாசிலா? டிராக்டர் கடையில கேளுங்க" என்றார்.

ஆகவே சென்னை, ரிச்சி தெரு. அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்தால் மனிதன் செய்த எல்லா எலக்ட்ரானிக் சாமானும் அங்கே கிடைக்கும், செய்ய மறந்ததும் கிடைக்கும் என்பார்கள். முதல் கடையில் கேட்டேன். ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினார். கூர்முனை, தட்டைமுனை, சாய்வுமுனை, எல்லாம் சால்டரிங் ஸ்டேஷனுக்கான 900எம் டிப்.

"இது கரண்ட் டிப்புங்க. எனக்கு கேஸ் டிப் வேணும்."

"கேஸா? அடுத்த லைன்ல ஸ்டவ் சர்வீஸ் இருக்கு பாஸ்."

இன்னொரு கடைக்காரர் விஷயம் தெரிந்தவர். "நரசிங்கபுரம் தெருவுல மாடியில ஒருத்தர் வச்சிருந்தாரு" என்றார். மாடிக்காரர், "நம்மகிட்ட தீந்துருச்சு, பின்பக்கச் சந்துல கேளுங்க" என்றார். சந்துக்காரர் கைகாட்டிய திசையில் நடந்தேன். முதலில் ஸ்டவ் சர்வீஸுக்கு அனுப்பியவர் கடை வாசலில் போய் நின்றேன். "கெடச்சிருச்சா பாஸ்?" என்று அவர் உண்மையான அக்கறையோடு விசாரித்தார்.

அவர்கள் மேல் தப்பில்லை. கரண்ட் அயர்னில் சூடு பிறக்கிற இடம் வேறு, பிட்டு வெறும் செம்புக்கோல். திருகை இறுக்கினால் வேலை முடிந்தது. கேஸ் அயர்னில் அடுப்பே டிப்புக்குள்தான் இருக்கிறது. காற்று நுழைகிற அளவு, புகை வெளியேறுகிற துளை, மரையின் பிடிப்பு எல்லாம் அந்தந்தக் கம்பெனி வைத்ததுதான் சட்டம். அயர்லாந்தின் போர்டாசால், வெல்லரின் பைரோபென், டிரெமெலின் வெர்ஸாடிப், தைவானின் ஐரோடா என்று ஆளாளுக்கு ஓர் அளவு. கடைசியாக ஒரு பழைய சாமான் கடையில் கேஸ் டிப்புகள் சில கிடைத்தே விட்டன. மரை சேர்ந்தால் நீளம் சேரவில்லை, நீளம் சேர்ந்தால் மரை சேரவில்லை. ஒன்று எல்லாம் சேர்ந்து, மூடி மட்டும் மூடவில்லை. பத்தில் ஒன்பது பொருத்தம் இருந்து ரஜ்ஜு தட்டுவது என்றால் என்ன என்று அன்றுதான் புரிந்தது.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டார். "சார், கைப்பிடிய எதுக்கு சார் கட்டிக்கிட்டு அழுவுறீங்க? புது செட்டே வாங்கிடுங்க." டிப் தேய்கிற சாமான், கைப்பிடி தேயாத சாமான். தேயாததை மாடத்தில் அடுக்கி வைத்து விற்கிறார்கள், தேய்வதைக் கேட்டால் வைத்தியம் சொல்கிறார்கள். செருப்பு வார் அறுந்தால் காலை மாற்றச் சொல்லாத வரைக்கும் புண்ணியம்.

இணையத்தில் தேடியதையும் சொல்லிவிடுகிறேன். 'எல்லா அயர்னுக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்த டிப்பின் கீழே ஒருவர், 'அருமையான பொருள், இன்னும் பிரிக்கவில்லை' என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். அசல் டிப்பும் ஒரு வெளிநாட்டுக் கடையில் இருந்தது. அனுப்பும் செலவைச் சேர்த்துப் பார்த்தேன். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம். அதற்கு மேல் சுங்க வரி.

இதற்கிடையில் மெக்கானிக் அண்ணன் மனமிரங்கி, மழுங்கிய முனையின் மேல் தடித்த செம்புக்கம்பியை இறுக்கிச் சுற்றி, நுனியை நீட்டித் தட்டிக் கொடுத்தார். அசிங்கமாக இருந்தது. ஆனால் ஓடியது. வெறும் செம்பு என்பதால் ஈயம் அதைத் தின்னத் தின்ன, அவர் புதிதாகச் சுற்றிக் கொடுப்பார். ஒவ்வொரு முறையும், "அன்னிக்கே ராவ விட்டிருந்தா..." என்று ஆரம்பிப்பார். கம்பியைவிட அந்தப் பேச்சுத்தான் எனக்கு அதிகம் சுட்டது.

அதனால் மைத்துனனுக்கே போன் போட்டேன். டிப்பின் படத்தை எல்லாக் கோணத்திலும் எடுத்து அனுப்பி, மரையின் அளவையும் எழுதி அனுப்பினேன். சிங்கப்பூரில் ஜாலான் புசார் முனையிலிருக்கும் சிம் லிம் டவரில் எலக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை பாவம் அவன் அங்கே போய் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினான். அங்கிருந்தே கூப்பிட்டான்.

"அத்தான், உங்க மாடல் நிறுத்திட்டாங்களாம். இப்ப புது மாடல்தான். அதோட டிப்பு இதுல ஏறாது."

"பரவாயில்ல மாப்ள. புது மாடலையே வாங்கிடு. ஆனா ஒண்ணு. அயர்ன் ஒண்ணு போதும், டிப்பு மட்டும் தனியா ஒரு டஜன் வாங்கிரு. என் ஆயுசுக்கும் காணணும்."

கடைக்காரரிடம் பேசுகிற சத்தம் கேட்டது. நெடுநேரம் சீன மொழியிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பேசினார்கள். பிறகு அவன் தயங்கித் தயங்கி வந்தான்.

"அத்தான்... டிப்பு தனியா ஸ்டாக் இல்லையாம். வேணும்னா அயர்ன ஒரு டஜன் தர்றேங்கறாரு. ஒவ்வொண்ணுலயும் ஒரு டிப்பு இருக்காம்."