தண்ணீர் மாதிரி

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் குடியிருக்கும் என் மைத்துனன் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஓசூருக்கு வந்து இறங்கினான். "மாமா, மாலுக்குப் போய்ப் போய் அலுத்துப்போச்சு. ஆத்தங்கரை, பழைய கோயில், கோட்டைன்னு சரித்திரம் உள்ள எடமா ஒரு நாள் சுத்திக் காட்டுங்க" என்றான். எங்களிடம் இல்லாததா? ஆறு இருக்கிறது, அணை இருக்கிறது, மலைமேல் கோயில் இருக்கிறது, ராஜாஜி பிறந்த வீடே இருக்கிறது. காரைக் கிளப்பினோம்.

முதலில் சந்திரசூடேஸ்வரர் மலை. ஓசூரின் பழைய பெயர் செவிடபாடி. அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்துக்கு முரசு நாடு என்று பெயர். முரசு நாட்டுக்குள் ஒரு செவிடபாடி! எவ்வளவு அடித்தாலும் கேட்காது என்று அன்றைக்கே தெரிந்து வைத்தார்களோ என்னவோ. தலபுராணமும் அதையே சொல்கிறது. சிவன் உடும்பாக ஓட, துரத்தி வந்த அம்மன், உடும்பு தப்பக் காரணமான முனிவர்களை ஊமையாகவும் செவிடாகவும் போகச் சபித்தாளாம். பிறகு முனிவர்களுக்குச் சாபம் நீங்கிவிட்டது. நீங்கிய சாபம் வீணாகக் கூடாதென்று அரசு அலுவலகங்கள் அதைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டன.

அடுத்து கெலவரப்பள்ளி அணை. கார் நிற்பதற்கு முன்பே பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்: "அப்பா, பனி!" ஷட்டருக்குக் கீழே ஆற்றைக் காணோம். கரைக்குக் கரை வெள்ளை வெளேரென்று நுரை, ஆள் உயரத்துக்கு. காற்றடித்தால் ஒரு துண்டு பிய்ந்து மேகம் போல வயலுக்குள் போய் உட்காருகிறது. இந்த ஊரின் குளிருக்கு மயங்கி 'லிட்டில் இங்கிலாந்து' என்று பெயர் வைத்தார்கள். பனி ஒன்றுதான் குறையாக இருந்தது. அந்தக் குறையைப் பெங்களூரு தீர்த்து வைத்துவிட்டது.

மைத்துனன் செல்ஃபி எடுத்தான். "சூப்பரா இருக்கு மாமா. ஆனா என்ன இப்படி நாறுது?"

"மாப்ளே, வாசம் பழகினதா இல்லையா? உன் வீட்டு வாஷிங் மெஷின் தண்ணிதான். நீ ஹைவேயில வந்தே, அது ஆத்துல வந்துச்சு."

கதை சுருக்கமானது. இந்தத் தென்பெண்ணை ஆறு நந்தி மலையில் பிறக்கிறது. பிறந்த குழந்தை தெளிவாகத்தான் இருக்கிறது. பெங்களூரின் ஓரத்துக்கு வந்ததும் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழிவதெல்லாம் அதன் தலையில் கொட்டப்படுகிறது. கழிப்பறை, குளியலறை, சலவைத்தூள், ஆலைக்கழிவு எல்லாம் சேர்ந்த அந்தக் குழம்பு ஷட்டரிலிருந்து விழுந்து அடிபடும்போது காற்று புகுந்து நுரையாகப் பொங்குகிறது. உழுது ஓய்ந்த மாட்டுக்கு நுரை தள்ளும். விஷம் குடித்தவன் வாயிலும் நுரை தள்ளும். இந்த ஆற்றுக்கு இரண்டு காரணமும் பொருந்தும்.

பெல்லந்தூர் ஏரி 2017 பிப்ரவரியில் தீப்பிடித்து எரிந்தது; 2018 ஜனவரியில் மறுபடியும் எரிந்தது. அமெரிக்காவில் கயஹோகா ஆறு 1969-இல் இப்படித்தான் எரிந்தது. அடுத்த ஆண்டே அங்கே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வந்தது. 1972-இல் தூய நீர்ச் சட்டம் வந்தது. நம்மிடம் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-லேயே இருக்கிறது. அவர்கள் எரிந்த பிறகு சட்டம் போட்டார்கள். நாம் சட்டம் போட்டுவிட்டு எரியவிட்டோம்.

அங்கிருந்து தட்டிகானப்பள்ளி தரைப்பாலம். நுரை பெருகும் நாளில் பாலம் மூடிப்போய், சாலை எது ஆறு எது என்று தெரியாமல் போக்குவரத்து நின்றுவிடும். அப்படி ஒவ்வொரு தடவையும் செய்தித்தாளில் தவறாமல் ஒரு வரி வரும்: 'அதிகாரிகள் நேரில் வந்து தண்ணீர் மாதிரி எடுத்துச் சென்றனர்.' இத்தனை வருடமாக அந்த வரியை நான் தப்பாகப் படித்துவந்திருக்கிறேன். அது சத்தியமான வாக்கு. ஆற்றில் ஓடுவது தண்ணீர் இல்லை, தண்ணீர் மாதிரி. அதைத்தான் எடுத்துச் செல்கிறார்கள். எடுத்துப் போய் ஆய்வு மாதிரி ஒன்று செய்து, அறிக்கை மாதிரி ஒன்று எழுதி, நடவடிக்கை மாதிரி ஒன்று எடுக்கிறார்கள். கோபப்பட என்ன இருக்கிறது?

இருக்கிறது. இரண்டு மாநிலத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உண்டு. கட்டடம் உண்டு, வண்டி உண்டு, மாதிரி பிடிக்கப் பாட்டில் உண்டு. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது. நுரை மட்டும் யாரையும் கேட்காமல் எல்லை தாண்டுகிறது. லாரிக்கு இருக்கிற சோதனைச் சாவடி, நாற்றத்துக்குக் கிடையாது. தண்ணீர் எவ்வளவு என்றால் மட்டும் இரு மாநிலமும் வேட்டியை மடித்துக் கட்டும். 1892-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு மார்க்கண்டேய நதி அணையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனோம். 2019 நவம்பரில் மனு தள்ளுபடியாகி, நதிநீர்த் தீர்ப்பாயம் கேளுங்கள் என்று அனுப்பப்பட்டோம். பாவம், 1892-இல் கையெழுத்துப் போட்டவர்களுக்குச் சலவைத்தூள் தெரியாது. எவ்வளவு வரவேண்டும் என்று கவலைப்பட்டார்களே தவிர, என்ன வரக்கூடாது என்று எழுதவில்லை.

சரி, எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் கைநீட்டிவிட்டு நாம் யோக்கியர்களாக நிற்க முடியுமா? ஓசூர் 2019-இல் மாநகராட்சி ஆனது. மேயர் வந்தார், வரி வந்தது, சாக்கடை பழைய வழியிலேயே போய்க்கொண்டிருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. இங்கிருந்து லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம், ஐபோன் பாகம் எல்லாம் போகின்றன. எங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறையில் 4,200 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பைக் கையாண்டவர்கள் நாங்கள் என்று 2022-இல் சட்டமன்றத்திலேயே பெருமை பேசினோம். இரும்பை உருக்கத் தெரிந்த இனத்துக்கு ஒரு சாக்கடையை வடிகட்டத் தெரியவில்லை.

வழியில் தொரப்பள்ளி. 1878-இல் ராஜாஜி பிறந்த வீடு. 1937-இல் அவர் மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்ததும், அன்றைக்கு ஓசூரையும் உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்தில்தான். மனிதர்களின் போதையைத் தெளியவைக்கப் பாடுபட்டவர் பிறந்த ஊர்ப்பக்கத்தில், ஆறே நிதானமில்லாமல் வாயில் நுரையோடு போகிறது.

மதியத்துக்குக் கிருஷ்ணகிரி. கோட்டை மலையை அண்ணாந்து பார்த்தோம். 1791-இல் ஆங்கிலேயப் படை ஏறி வந்து தோற்றுத் திரும்பிய கோட்டை. மேலே இருந்தவர்கள் பாறையை உருட்டியே விரட்டினார்களாம். எதிரி ஒருநாள் நுரையாக வருவான் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? பிறகு கே.ஆர்.பி. அணை, 1957-இல் காமராஜர் திறந்தது. 2017 நவம்பரில் இதன் மதகு ஷட்டர் ஒன்று உடைந்து, பிடித்துவைத்த தண்ணீர் கண்ணெதிரே ஓடிப்போனது. உடைந்தபிறகு மாற்றினார்கள். உடைவதற்கு முன்பு என்ன செய்தார்கள் என்று கேட்கக் கூடாது. முன்பும் மாதிரி எடுத்திருப்பார்கள். பூங்காவில் பிள்ளைகள் ஊஞ்சலாடினார்கள். மைத்துனன் கடையில் வறுத்த ஜிலேபி மீனை ருசித்துச் சாப்பிட்டான். "ஃப்ரெஷ் மாமா" என்றான். ஃப்ரெஷ்தான். ஆறு கொஞ்ச தூரம் முன்னால்தான் குளித்துவிட்டு வந்தது, சோப்புப் போட்டு.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கெலவரப்பள்ளி வாய்க்கால் ஓரம் ஒரு பெரியவர் கொத்தமல்லியைப் பிடுங்கிக் கட்டுக்கட்டிக்கொண்டிருந்தார். தலைமாட்டில் வாய்க்கால் கறுப்பாக ஓடியது.

"இந்தத் தண்ணிலயாங்க வெள்ளாமை?"

"வேற எது இருக்குது சார்? போரு காஞ்சு போச்சு. கால் வெச்சா அரிக்குது. பயிரு மட்டும் தளதளன்னு வருது."

"ஆபீசருங்க வந்து பார்க்கறதில்லையா?"

"வருவாங்க. பாட்டில்ல புடிச்சுக்குவாங்க. போட்டோ எடுத்துக்குவாங்க. போனா போனதுதான்."

மைத்துனனுக்கு மனசு கேட்கவில்லை. "பெங்களூர்க்காரங்க மேல உங்களுக்குக் கோவமே வரலையா ஐயா?" என்றான்.

பெரியவர் கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டார். "எதுக்குக் கோவம்? அவங்க அனுப்பறதை நாங்க வெச்சுக்கறதில்ல சார். கட்டுக்கட்டா வண்டியில ஏத்தித் தெனமும் பெங்களூர் மார்க்கெட்டுக்கே திருப்பி அனுப்பிடறோம்." சொல்லிவிட்டு, பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்து, காசு வாங்காமல் இரண்டு கட்டை எடுத்து நீட்டினார். ஊருக்கு வந்த விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பலாமா?

இரவு பத்து மணிக்கு ஒயிட்ஃபீல்டிலிருந்து போன் வந்தது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். பிள்ளைகள் நுரையில் எடுத்த படத்தை எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்களாம். மல்லியில் சட்னி அரைத்து, தோசைக்குத் தொட்டுச் சாப்பிட்டார்களாம்.

"எப்படி மாப்ளே இருந்துச்சு?" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "மல்லி மாதிரிதான் மாமா இருந்துச்சு."