ஹைலாண்ட் ஆட்டம் கல்வராயன் மலைக்குரியதே

ஸ்காட்லாந்தின் மலைநாட்டு ஆட்டங்கள் எங்கே தோன்றின என்பதில் அந்நாட்டு அறிஞர்களே ஒருமனப்படவில்லை. அயர்லாந்திலிருந்து வந்தது என்பார் ஒரு சாரார். பிரெஞ்சு அரசவையின் சாயல் என்பார் மற்றொரு சாரார். இந்தப் பூசல் தேவையற்றது. அவை கள்ளக்குறிச்சி மாவட்டம், கல்வராயன் மலையில் தோன்றின. இவ்வுண்மை இதுகாறும் வெளிவராமல் போனதற்கு நிர்வாகக் காரணமே உண்டு. 2019 நவம்பர் 26 வரை கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் அன்று. விழுப்புரத்தின் ஒரு மூலையில் இருந்துகொண்டு இத்தகைய உரிமைகளைக் கோருவது மரியாதையாக இராது.

முறையியல் பற்றி ஒரு வார்த்தை. சொல்லொற்றுமை காட்டி நிறுவும் வழியை இங்கே கைக்கொள்ளவில்லை. இரண்டு சொற்களைப் பக்கத்தில் வைத்துத் தட்டினால் உலகில் எதையும் நம்மூருக்குக் கொண்டுவந்துவிடலாம். அவ்வளவு சுலபமான வழி ஆய்வாளனுக்கு அழகல்ல. இலக்கணம், வரலாறு, எளிய வகுத்தல் கணக்கு ஆகியவையே என் துணை.

முதலில் நிலம். ஸ்காட்லாந்தின் உயர்ந்த சிகரமான பென் நெவிஸ் 1,345 மீட்டர். பெரிய கல்வராயன் மலை நாலாயிரம் அடி, அதாவது சுமார் 1,220 மீட்டர். ஆடுபவன் துள்ளும் உயரத்தையும் சேர்த்துக்கொண்டால் வேறுபாடு இன்னும் குறையும்.

அடுத்து மக்கள். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பர். அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டு வந்து ஆளுக்கொரு மலையாகப் பிரிந்தார்கள் என்பது சேலம் பகுதி மலைகள் எங்கும் வழங்கும் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் இதை அச்சேற்றினார். ஸ்காட்லாந்தில்? எர்க் என்பவனுடைய மைந்தர் மூவர், ஃபெர்கஸ், லோர்ன், ஏங்கஸ், அயர்லாந்திலிருந்து கடல் கடந்து வந்து ஆளுக்கொரு நிலமாகப் பிரிந்தார்கள், காலம் கி.பி. 500ஐ ஒட்டி. மலைக்காரர் எல்லாம் சமவெளியிலிருந்து வந்தவர்கள் என்பதும், வரும்போது மூவராகவே வந்தார்கள் என்பதும் மானிடவியல் விதியாகக் கொள்ளத்தக்கன. நான்கு பேர் வந்த மலை ஒன்று இருக்குமானால் அங்கே ஆட்டம் சோபித்திராது.

கல்வராயன் மலையைச் சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என மூன்று ஜாகிர்தார்கள் ஆண்டனர். கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்று சொல்லிக்கொண்டு, நாடு விடுதலை பெற்று இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்தும் வரி வாங்கினார்கள். அரசு அதை முடித்துவைத்தது 1976இல். ஹைலாண்ட் குலத்தலைவர்களின் பரம்பரை அதிகாரத்தை லண்டன் பறித்தது 1746 கலோடன் போரை அடுத்து. இடைவெளி ஏறத்தாழ 230 ஆண்டுகள். நம் பக்கம் தபால் தாமதமாக வரும் என்பது தெரிந்ததே.

இனி ஆட்டத்துக்கு வருவோம். ஹைலாண்ட் ஆட்டங்களில் தலையாயது வாளாட்டம், 'கில்லி காலம்'. தரையில் இரண்டு வாள்களைக் குறுக்காக வைத்து, அவற்றின் இடைவெளிகளில் நுனிக்காலால் துள்ளி ஆட வேண்டும். இன்றைய போட்டிகளில் கால் பட்டு வாள் நகர்ந்தால் ஆடியவர் வெளியேற வேண்டியதுதான். இதன் தோற்றக் கதை: 1054ஆம் ஆண்டு டன்சினேன் போரில் மக்பெத்தின் தளபதி ஒருவனை வீழ்த்திய மால்கம், அவன் வாளின் மேல் தன் வாளைக் குறுக்கே போட்டு ஆனந்தக் கூத்தாடினான். ஸ்காட்லாந்தின் சுற்றுலாப் பிரசுரங்கள் இதைக் கண்ணால் கண்டது போல் எழுதுகின்றன.

தொல்காப்பியர் இதைக் கண்டிருந்தால் கொட்டாவி விட்டிருப்பார். தும்பைத் திணையில் 'அமலை' என்று ஒரு துறையே வகுத்திருக்கிறார். வென்ற வேந்தனின் வாள்வீரர்கள், பட்டு விழுந்த பகைவேந்தனைச் சூழ்ந்து நின்று ஆடுவது அது. வென்ற அரசனின் தேரையொட்டி ஆட விரும்பினால் அதற்கும் வாகைத் திணையில் வழி உண்டு: தேருக்கு முன்னால் ஆடினால் முன்தேர்க்குரவை, பின்னால் ஆடினால் பின்தேர்க்குரவை. மால்கமிடம் தேர் இல்லை. ஆகவே அவன் செய்தது தேரற்ற குரவை, அல்லது ஆள் போதாத அமலை. துறை தெரியாமல் ஆடிவிட்டு அதற்கு ஆண்டு மட்டும் குறித்து வைத்திருக்கிறார்கள். நம்மவர் துறையைக் குறித்தார்கள், ஆண்டை விட்டுவிட்டார்கள். இரண்டையும் சேர்த்தால்தான் முழு ஆய்வு.

எந்த ஆட்டத்துக்கும் ஒரு போர்வெற்றியைத் தோற்றுவாயாகக் காட்டும் பழக்கத்தையும் நம்மிடமே கற்றிருக்க வேண்டும். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிக்காட்டிய பதினோராடலைப் பாருங்கள். முப்புரம் எரிந்தது, கொடுகொட்டி. யானை வீழ்ந்தது, அல்லியம். கடல் நடுவே சூரன் ஒழிந்தான், துடி. அசுரர்கள் பாம்பும் தேளுமாக வந்தார்கள், கொற்றவை மரக்காலில் ஏறி மிதித்தாள், மரக்கால். யாரோ ஒருவன் தோற்காமல் இந்நாட்டில் எவரும் காலைத் தூக்கியதில்லை. விதிவிலக்காகத் தோன்றுவது ஹைலாண்ட் ஃபிளிங். மலைச்சரிவில் மான் துள்ளியதைக் கண்டு பிறந்தது என்பர். தலைக்கு மேல் வளைந்த கைகள் கொம்புகளாம். மயிலாட்டமும் மாடாட்டமும் ஆடும் ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கணக்கு இனித்தான் வருகிறது. மலைவாழ் குறவர் ஆடும் குன்றக்குரவை சிலம்பின் வஞ்சிக்காண்டத்தில் உள்ளது. குரவை என்பது ஏழு பேராவது ஒன்பது பேராவது கைகோத்து வட்டமாக ஆடுவது என்று உரைகாரர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏழு, ஒன்பது என்று இரண்டு எண் தந்தால் பாமரன் குழம்புவான். ஸ்காட்லாந்துக்காரர்கள் கூட்டி இரண்டால் வகுத்தார்கள். எட்டு. அவர்களுடைய புகழ்பெற்ற 'எய்ட்ஸம் ரீல்' எட்டுப் பேர் கைகோத்து வட்டமாகச் சுற்றுவது. அது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இவ்வுருவம் பெற்றது என்று அங்குள்ளோர் சொல்வது என் வாதத்துக்கு இடையூறன்று. வகுத்தல் கணக்குக்கு அவ்வளவு நாள் பிடித்திருக்கிறது.

உடை பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ஆண்கள் பாவாடை கட்டி ஆடும் நாகரிகம் உலகில் எல்லா இடத்திலும் கிடையாது. சங்கராபுரம், உளுந்தூர்பேட்டைப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக்கூத்து நடக்கும் காலத்தில் வேடம் கட்டும் கொட்டகைக்குள் எட்டிப் பாருங்கள். துரியோதனன் தரையில் உட்கார்ந்து, கைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, முகத்தில் சிவப்பு அரிதாரத்தை இழைத்துக்கொண்டிருப்பான். பக்கத்தில் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டிய கிரீடமும் புஜக்கட்டையும் கிடக்கும். இடுப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகத் துணியைச் சுற்றி, அதன் மேல் பாவாடையை இறுக்கினால் அது முழங்காலளவில் குடையாக விரிந்து நிற்கும். அவன் கிறிக்கி அடிக்கும்போது அந்தப் பாவாடை அவனுக்கு அரைச் சுற்று பின்தங்கி வந்து சேரும். ஒரு முழுக் கில்ட்டுக்கு எட்டு கஜம் துணி பிடிக்கிறது, ஏறக்குறைய ஒன்றரைப் புடவை. கூத்தில் இதைவிடக் கூடுதலாகவே பிடிக்கும். மூலம் எது, சிக்கன நகல் எது என்பதைத் துணிக்கடைக்காரரே தீர்மானிக்கலாம்.

தவிரவும், குட்டைக் கில்ட்டைப் பிரபலமாக்கியவர் ராலின்சன் என்ற ஆங்கிலேய இரும்பாலை முதலாளி என்ற வாதம் அங்கேயே உண்டு. 1720களில், வேலையாட்களின் நீண்ட போர்வை உடை ஆலையில் தடுக்கியதால் பாதியாகக் குறைத்தாராம். அந்த உடைக்கு மன்னர் மரியாதை கிடைத்தது 1822இல். நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது வரவேற்பை ஏற்பாடு செய்தவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். மன்னர் கட்டம்போட்ட கில்ட் கட்டி, கீழே தோல்நிறக் காலுறை மாட்டிக்கொண்டு எழுந்தருளினார். கூத்தில் திரைக்குப் பின்னிருந்து ராஜா வருமுன் கட்டியங்காரன் வந்து அறிவிப்பது மரபு. ஸ்காட் செய்தது அந்த வேலைதான். வேடம் கட்டியவர் அசல் ராஜாவாகவே இருந்தது மட்டும் நம் மரபில் இல்லாதது.

கலோடனுக்குப் பின் ஹைலாண்ட் உடைக்குத் தடை வந்தது, 1782இல் நீங்கியது. அந்த மகிழ்ச்சியில் பிறந்ததாம் 'ஷான் ட்ரூவஸ்' என்ற ஆட்டம். பிடிக்காத கால்சட்டையை உதறித் தள்ளுவது போலக் காலை ஆட்டுவார்கள். 2014இல் வேட்டி கட்டிவந்த நீதிபதி ஒருவரைச் சென்னை மனமகிழ் மன்றம் ஒன்று உள்ளே விட மறுத்தது. அதே ஆண்டு வேட்டிக்குத் தடை போடக்கூடாது என்று தமிழ்நாடு சட்டமன்றம் சட்டமே இயற்றியது. அவர்கள் தடை நீங்க முப்பத்தைந்து ஆண்டு காத்திருந்தார்கள், ஆட்டம் கிடைத்தது. நமக்கு ஒரு மாதத்தில் காரியம் முடிந்துவிட்டது. நடன அமைப்புக்கு அவகாசமே இல்லை.

இசைக்கருவியில் வேறுபாடு சிறிது. கூத்தின் முகவீணை இரட்டைச் சீவாளி கொண்டது. பேக்பைப்பின் ஊதுகுழலும் அப்படியே. கூத்துக்காரர் விடிய விடிய வாயால் ஊதுகிறார். குளிர்தேசத்தில் மூச்சு போதாமல் பை மாட்டினார்கள்.

சாராயத்தைத் தொடாமல் மலைநாட்டு ஆட்டம் பற்றி எழுதுவது நேர்மையாகாது. கல்வராயன் மலையில் போலீசார் ஊறலைக் கொட்டி அழித்த செய்தி நாளிதழ்களில் வானிலை அறிக்கையின் ஒழுங்குடன் வந்துகொண்டிருந்தது. 1823ஆம் ஆண்டு சட்டம் உரிமம் கொடுக்கும் வரை ஹைலாண்ட் பள்ளத்தாக்குகளிலும் இதே ஓட்டமும் துரத்தலும்தான்; உரிமத்துக்குப் பின் அது பாரம்பரியம் ஆயிற்று. ஸ்காட்லாந்தின் தேசியகவி ராபர்ட் பர்ன்ஸ் 1789 முதல் கலால் அதிகாரி. கலால்காரரைப் பிசாசு தூக்கிக்கொண்டு ஆடிப்போனது, ஊரே மகிழ்ந்தது என்று பாட்டெழுதியவரும் அவரே. நம் மதுவிலக்குப் பிரிவில் இத்தகைய தன்னாய்வு இன்னும் தொடங்கவில்லை. (2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது மெத்தனால். அதற்கு மலையோடும் மரபோடும் சம்பந்தமில்லை. இந்தக் கட்டுரையின் கேலியோடும் இல்லை.) மதுவை முற்றவைக்கும் கலையும் இங்கே பழையது. கல்வராயனுக்கு வடக்கே செங்கம் பகுதியை ஆண்ட நன்னனிடம் செல்லும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் மலைபடுகடாம், 583 அடிகளில் எந்த மலையில் என்ன கிடைக்கும் என்று அறிவிக்கிறது. அதில் மூங்கில் குழாயில் முற்றிய தேறல் உண்டு. ஓக் மரப் பீப்பாய் பின்னால் வந்தது. அந்நூலின் மறுபெயரே கூத்தராற்றுப்படை என்பதால், ஆட்டத்தையும் சரக்கையும் ஒரே வரைபடத்தில் காட்டிய முதல் சுற்றுலா வழிகாட்டி இதுவே.

கடன் திரும்பி வந்ததற்கும் சான்று உண்டு. முத்துசாமி தீட்சிதர் (1775–1835) சென்னையை அடுத்த மணலியில் இளமையைக் கழித்தபோது, புனித ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரணத்தில் சமஸ்கிருத சாகித்தியம் இயற்றினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் பாட்டு வகுப்புக் குழந்தைகள் பாடுவது இவற்றைத்தான். அவற்றுள் 'ஜகதீச குருகுஹ' என்பது 'லார்ட் மக்டொனால்ட்ஸ் ரீல்' என்ற ஸ்காட்லாந்து ஆட்டமெட்டு. குரவையாகப் போனது கீர்த்தனையாக வந்தது. ஆடுவதற்காகப் போட்ட மெட்டைச் சப்பணமிட்டு உட்கார்ந்து பாடும்படி செய்தது நம் பங்களிப்பு.

மாற்றுக்கருத்துகளை மறைப்பது தகாது. 'ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ்' என்பதன் பெரும்பகுதி இங்கிலாந்துச் சரக்கு; ஜான் பிளேஃபோர்டு 1651இல் லண்டனில் அச்சிட்ட நூலின் பெயரிலேயே 'இங்லிஷ்' இருக்கிறது. 1923இல் ஜீன் மில்லிகன் என்ற உடற்பயிற்சி ஆசிரியையும் திருமதி ஸ்டூவர்ட்டும் கிளாஸ்கோவில் ஒரு சங்கம் கூட்டினார்கள். பாதம் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பது அதற்குப் பின்தான் தொன்றுதொட்டு வந்ததாயிற்று. போட்டி ஆட்டங்களுக்கு 1950இல் தனி வாரியம் அமைந்தது. தொன்மைக்கு முதல் தேவை ஒரு செயற்குழு, இரண்டாவது ரப்பர் ஸ்டாம்பு. கல்வராயன் மலையில் இவ்விரண்டும் இல்லாததால்தான் அங்கே மாரியம்மன் விழாவில் மேளம் கேட்டதும் ஆடத் தொடங்கிவிடுகிறார்கள், தோற்றம் பற்றிய தெளிவு சற்றும் இல்லாமல்.

இந்த முடிவுகளைச் சங்கராபுரம் பக்கம் ஒரு கூத்து வாத்தியாரிடம் எடுத்துச் சொன்னேன். காலில் சலங்கையைச் சுற்றியபடி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மால்கம் கதையில் ஒருமுறை தலையாட்டினார். எட்டுப் பேர் ரீல் வந்தபோது, "எட்டுப் பேருக்கும் வேசம் உண்டா, பின்பாட்டும் அதுலயேவா?" என்றார். அப்புறம் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"சரிங்க சார். அந்த ஊரு ஆட்டக்காரனுக்கு ஒரு ராத்திரிக்கு என்னா குடுக்கறாங்க?"

இது இவ்வாய்வின் எல்லைக்குள் வராத கேள்வி.