கூடப்பிறந்த மாறிகளின் குணபேதம்: கொடைக்கானலிலிருந்து ஓர் ஆய்வு

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் அமைந்தது. சூரியப்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டது அங்கேதான். 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் இன்று கணினிக்கும் ஏறிவிட்டன. சூரியன் நல்ல கைகளில் இருப்பதால், இக்கட்டுரை அதைவிடப் பெரிய சிக்கலுக்குப் போகிறது: பாஷ் ஷெல்லோடு கூடப்பிறந்த மாறிகள் ஏன் ஆளுக்கொரு குணம் காட்டுகின்றன?

ஆய்வுமுறை எளிது. மேகம் இறங்கிய நாளில் சூரியன் கிடைக்காது, ஷெல் கிடைக்கும். ஒவ்வொரு மாறிக்கும் ஒரு எண்ணைக் கொடுத்து முகத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

பயனர் எண்ணைச் சொல்லும் 'யுஐடி' ரோஷக்காரன். 'ரீட் ஒன்லி' என்று முகத்துக்கு நேரே மறுப்பான். 'செகண்ட்ஸ்' இணக்கமானவன், 100 கொடுத்தால் அங்கிருந்தே எண்ணுவான். 'ரேண்டம்' விசித்திரப் பிறவி. 42 கொடுத்தால் அதை விதையாக விழுங்கிவிட்டு, 0 முதல் 32767-க்குள் வேறெதையோ சொல்வான்; மறுபடி 42 கொடுத்தால் முன்பு சொன்ன அதே வரிசையை ஒப்பிப்பான். அன்செட் செய்துவிட்டு 7 கொடுத்துப் பாருங்கள்: பிறவிக்குணம் போய், எத்தனை முறை கேட்டாலும் 7.

'குரூப்ஸ்' பற்றி எழுதவே கை கூசுகிறது. மனுவை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "சரி, பார்க்கலாம்" என்கிற ரகம். பிழைச்செய்தி வராது, மதிப்பும் மாறாது. யுஐடியின் ரோஷம் இதற்கு எவ்வளவோ மேல் என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

இதெல்லாம் பாஷுக்குள்தான். ஓராண்டின் 365 படங்களில் ஏதோ ஒன்றை எடுக்க, ரேண்டமை 365-ஆல் வகுத்து மீதியைக் கேட்கும் நிரல் ஒன்று எழுதினோம் என்று வையுங்கள். முதல் வரியில் 'பாஷ்' என்று போடாமல் வெறும் 'எஸ்ஹெச்' என்று போட்டால், உபுண்டுவில் 2006 முதல் ஓடுவது 'டாஷ்'. அவனுக்கு ரேண்டமைத் தெரியாது. தெரியாத பெயர் கணக்கில் வந்தால் சுழியம் என்று கொள்வான். மீதியும் சுழியம். எப்போது ஓட்டினாலும் ஜனவரி 1-ஆம் தேதிச் சூரியனே வரும். சூரியனில் எந்த மாற்றமும் இல்லை என்று எவர்ஷெட்டுக்கே மறுப்பு எழுதிவிடலாம்.

பாஷில் அத்தனை ரோஷம் காட்டிய யுஐடியும் டாஷில் சாதாரண மாறிதான். 0 கொடுத்தால் வாங்கிக்கொள்ளும்; கேட்டால் 0 என்றே சொல்லும். ரூட் ஆகிவிட்டோம் என்று நம்பி, அடுத்தவர் கோப்புறைக்குள் போய் ஒரு கோப்பை அழிக்கப் பார்த்தால், "அனுமதி இல்லை."