பேராண்டிக்கு ஒரு யோசனை

ஏலே பேராண்டி, "வந்தேறிகளை எல்லாம் விரட்டுனாத்தான் அமெரிக்கா உருப்படும் தாத்தா"ன்னு போன்ல சொன்னியே, கேக்கவே குளுகுளுன்னு இருந்துச்சு. கிரீன் கார்டு நேத்து கைக்கு வந்துச்சு, இன்னைக்கு மண்ணின் மைந்தன் ஆயிட்ட! படியில தொத்தி ஏறுனவன்தானே முதல்ல "இடமில்ல, போலாம் ரைட்"னு கத்துவான். நல்லாக் கத்து.

தொண்டை காய்ஞ்சதும் உங்க கலிபோர்னியாத் தக்காளிக் கதையைக் கேட்டுக்கோ. 1942-ல, சண்டைக்கு ஆள் போயிருச்சு, காட்டு வேலைக்கு ஆளில்லன்னு மெக்சிகோவோட ஒப்பந்தம் போட்டுக் கூலியாள் கூட்டியாந்தாங்க. பிரசெரோ திட்டம்னு பேரு. "இவனுகளாலதான் நம்மாளுக்குக் கூலி ஏறல"ன்னு சொல்லி 1964 கடைசியோட இழுத்து மூடுனாங்க. கூலி கூரையைப் பிச்சுக்கிட்டுக் கொட்டியிருக்கணும்லா? ஆனா டேவிஸ் பல்கலைக்கழகத்துல பறிக்கிற மெஷினும் தயாரா இருந்துச்சு, அது பிடிச்சாலும் நசுங்காத கெட்டித்தோல் தக்காளியும் தயாரா இருந்துச்சு. 1968-க்குள்ள சாஸுக்குப் போற தக்காளி ஏறத்தாழ அத்தனையும் மெஷின் வசம். மெக்சிகோக்காரன் போன இடத்துக்கு உள்ளூரான் வரல, இரும்புதான் வந்துச்சு. பின்னால கணக்குப் பாத்தவங்க, பிரசெரோ ஆள் நிறைய இருந்த மாகாணத்துலயும் ஆளே இல்லாத மாகாணத்துலயும் கூலி ஒரே மாதிரிதான் ஏறுச்சுன்னாங்க.

உனக்குத் தோதா ஒண்ணும் சொல்லுதேன். 1980-ல கியூபாவுலருந்து 1,25,000 பேர் படகேறி வந்து, மயாமியில வேலைக்கு நிக்கிற கூட்டம் 7 சதவீதம் கூடுச்சு. கூலி இறங்கலன்னார் பொருளாதார நிபுணர் டேவிட் கார்டு. பள்ளிக்கூடம் முடிக்காதவனுக்கு நல்லாவே இறங்குச்சுன்னார் இன்னொரு பொருளாதார நிபுணர் ஜார்ஜ் போர்ஹாஸ். வழக்கு இன்னும் முடியல. ஆனா ஒருத்தர் பிறந்தது கனடா, இன்னொருத்தர் கியூபா. பாத்தியா, வந்தேறியைப் பத்திச் சண்டை போடுற வேலையையும் வந்தேறிகளே பறிச்சுக்கிட்டாங்க!

நட்டமே இல்லன்னு சொல்லல. வந்தவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு மாகாணத்துக்கும் ஊருக்கும். வரியில பெரும்பங்கு வாஷிங்டனுக்கு. அந்தப் பிள்ளை வளந்து வரியாத் திருப்பிக் கட்டும். அதுவரைக்கும் ஊர் முனங்கத்தான் செய்யும்.

அதனால வாஷிங்டன் வாங்குறதுல அந்த ஊருக்குப் பங்கு கேளு. சட்டக் கூலிக்குக் கீழ குடுக்கிற முதலாளியைப் பிடி. இல்ல, விரட்டித்தான் ஆகணும்னா முதல் பெட்டியை நீயே கட்டு. நம்ம காட்டுல களையெடுக்க ஆள் கிடைக்கல.