புகைக்குடிலும் சீனிப் போத்தலும்

யாழ்ப்பாணத்து ஏழாலையில் எங்கள் ஒழுங்கையிலுள்ள வீடுகளைப் பார்த்தே எந்தெந்த வருடம் புகையிலை நல்ல விலைக்குப் போனது என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். ஓடு போட்டு, விறாந்தையில் தூண் வைத்துக் கட்டிய வீடென்றால் நல்ல வருடம். அரைச்சுவரோடு நின்று பாசி பிடித்துப் போனதென்றால் அந்த முறை விலை விழுந்திருக்கிறது. பெரியக்காவின் சீதனக் காணி, மாமா கொழும்பில் படித்த படிப்பு, பிள்ளையார் கோயில் தேருக்குக் கொடுத்த பங்கு, எல்லாம் அந்த அகன்ற இலையிலிருந்து வந்தவை. 1960களில் எனக்கு அது ஊரின் இயல்பாகவே தெரிந்தது. கிணறு இருக்கும், பனை இருக்கும், புகையிலை இருக்கும்.

செம்பாட்டு மண்ணுக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது. மாரிக்கு முன்னரே ஆட்டுப்பட்டி அடைத்து, பூவரசங் குழை தாழ்த்து, மண்ணைப் புரட்டிப் போடவேண்டும். நாற்று நட்ட பிறகு விடியற்காலையில் இறைப்பு. செடி வளர்ந்ததும் கதிரை முறித்து, பக்கத்தில் வெடிக்கிற குருத்துகளை ஓயாமல் கிள்ளிக்கொண்டே இருந்தால்தான் இலை தடிக்கும். அந்த வேலை செய்த கைகளைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். விரல் இடுக்கெல்லாம் கறுத்த பிசின் ஏறி, சவர்க்காரம் போட்டாலும் போகாது. பனி ஈரத்தோடு இலையைத் தொட்டு வேலை செய்தால் தலை சுற்றும், வாந்தி வரும். இலையின் நஞ்சு தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்குகிறது என்று இன்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அன்று அதற்கு வெயில் என்றும் கண்ணூறு என்றும் பெயர் வைத்தோம்.

வெட்டிய இலையைக் குடிலில் தூக்கிக் கட்டிப் புகை போடுவது தனிக் கலை. தேங்காய் மட்டை கனன்றுகொண்டே இருக்கவேண்டும், சுவாலை எழும்பக்கூடாது. எழும்பினால் ஒரு வருட உழைப்பும் போய்விடும். எங்கள் குடிலில் இரவிரவாக நெருப்புப் பார்த்தவர் ஒரு முதியவர். இருபது வயதான என் சித்தப்பா அவரைப் பேர் சொல்லி, 'டா' போட்டுத்தான் கூப்பிடுவார். அவர் சித்தப்பாவை 'நயினார்' என்பார். காணி எங்களுடையது. விலை ஏறினால் எங்களுக்கு ஏறும். விழுந்தால், முதலில் வெட்டப்படுவது அவருடைய கூலி.

சீனி என்றால் எனக்கு நினைவுக்கு வருவது ஆச்சியின் அலுமாரி. சீனிப் போத்தல் அதற்குள் பூட்டியே இருக்கும். சம்பந்தம் பேச வருகிறவர்கள், பள்ளிக்கூடத்து வாத்தியார், கொழும்பிலிருந்து வந்த உறவினர், இவர்களுக்குத்தான் சீனி போட்ட தேத்தண்ணி, அதுவும் பீங்கான் கோப்பையில். வீட்டு ஆட்களுக்கு வெறுந்தேத்தண்ணியும் கடிக்கப் பனங்கட்டியும். அந்த முதியவருக்கும் பனங்கட்டிதான், ஆனால் கிணற்றடி வேலிக்கு அந்தப் பக்கம். அவர் சிரட்டையை நீட்ட, ஆச்சி மேலே பிடித்து ஊற்றுவா. விரல் பட்டால் பனங்கட்டியும் கசந்துபோகும் என்பதால், பூவரசம் இலையில் ஒரு துண்டு கிழித்து அதில் வைத்துக் கடிப்பார். பொது இடத்தில் சாதி பார்ப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957 இலேயே வந்துவிட்டது. எங்கள் வேலிக்குள் அது நுழையவில்லை.

இந்த இரண்டு பொருட்களும் எங்கள் முற்றத்துக்கு வந்த வழி நீளமானது. புகையிலையை இங்கே கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் அதைப் பெரிய வருமானமாகக் கண்டார்கள். யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர்தான் பெருஞ்சந்தை. 1863 இல் திவான் மாதவராவ் நீக்கும்வரை அங்கே அதை விற்கும் உரிமை அரசாங்கத்தின் கையில் இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு அரசன் என்ன விலை சொல்கிறானோ, அதை வைத்து இந்தப் பக்கம் ஒருத்தியின் கலியாணம் தீர்மானமானது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் காணி, சீதனம் பற்றிய வழக்கங்களோடு அடிமைகளைப் பற்றிய வழக்கங்களும் எழுதப்பட்டிருக்கின்றன. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844 இல். எங்கள் குடிலில் நெருப்புப் பார்த்தவரின் பூட்டன் காலம் அது. அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது.

சீனியின் கதை இன்னும் கொடியது. கரீபியன் தீவுகளில் ஆபிரிக்க அடிமைகள் வெட்டிய கரும்பு, இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளி குடித்த தேநீரை இனிப்பாக்கியது. மலிவான பசியடக்கி அது. 1833 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமைமுறையை ஒழித்தபோது நட்டஈடாக 2 கோடி பவுண் ஒதுக்கியது. அந்தக் காசு போனது அடிமை வைத்திருந்தவர்களுக்கு. கரும்பு வெட்டியவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. பிறகு தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட, எங்கள் மொழி பேசுகிறவர்களைக் கப்பல் ஏற்றினார்கள். மொரீசியசுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போனார்கள். 1860 நவம்பரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரைத் தென்னாபிரிக்காவின் நேட்டால் கரையில் இறக்கியது. ஐந்து வருட ஒப்பந்தம்; முதல் வருடம் மாதம் 10 சிலிங். 1911 இல் அது நிறுத்தப்படும்வரை நேட்டாலுக்கு மட்டும் 1,52,000க்கு மேற்பட்டவர்கள் போனார்கள், பெரும்பாலோர் சென்னை மாகாணத்தார். யாழ்ப்பாணத்தார் அந்தக் கப்பல்களில் ஏறவில்லை. நாங்கள் சீனியைப் பூட்டிவைத்து விருந்தாளிக்குக் கொடுத்தவர்கள். அதோடு கலந்த தேயிலையைப் பறித்ததும் மலையகத்துத் தமிழ்ப் பெண்கள்தான்.

வெள்ளைக்காரன் செய்த கொடுமை என்று இதைச் சொல்லி முடிக்க என்னால் முடியவில்லை. பயிரும் சந்தையும் கப்பலில் வந்தன. சிரட்டையை யாரும் கப்பலில் கொண்டுவரவில்லை. எவன் குனிந்து வேலை செய்யவேண்டும், எவன் உறுதி வைத்திருக்கவேண்டும் என்பதை நாங்கள் ஏற்கெனவே ஒழுங்குபண்ணி வைத்திருந்தோம். புகையிலைக் காசு அந்த ஒழுங்குக்கு ஓடு போட்டுக் கொடுத்தது. மிசன் பள்ளிகளும் அரசாங்க உத்தியோகமும் யாழ்ப்பாணத்தை உயர்த்தின என்று எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறேன். அந்தப் பள்ளிக் கட்டணத்தின் பின்னால் இருந்த பிசின் கையைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை.

இன்று எங்கள் காணியில் புகையிலை இல்லை. யுத்தத்தில் குடில் போனது. பிறகு யாரும் கட்டவில்லை. அயலில் இன்னும் சிலர் நடுகிறார்கள். புகையிலை, மதுசார அதிகாரசபைச் சட்டம் 2006 இல் வந்தது. சிகரெட் பெட்டியின் 80 சதவீதத்தில் இப்போது நோயின் படம் இருக்கிறது. 2017 இல் இனிப்புப் பானங்களுக்கும் சீனியின் அளவைப் பார்த்து வரி போட்டார்கள். அன்று கௌரவமாக இருந்த இரண்டும் இன்று வைத்தியர் விரல் நீட்டிக் கண்டிக்கிற பொருட்கள். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் "சீனி போடலாமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் தேத்தண்ணி ஊற்றுகிறோம். ரொறன்ரோவில் இருக்கிற அண்ணாவுக்கு நீரிழிவு. யாராவது இங்கிருந்து போனால் பனங்கட்டிக் குட்டான் கொடுத்துவிடச் சொல்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம் கொடுத்த பனங்கட்டி இன்று கடையில் சீனியை விடப் பல மடங்கு விலை. அதுவும் இனிப்புத்தான் என்று வைத்தியர் சொல்லியும் அண்ணா கேட்பதில்லை.

அந்த முதியவரின் பேத்தி ஆசிரியை. பேரன் நல்ல தோட்டக்காரன்; வெங்காயமும் பீற்றூட்டும் போடுகிறான், எல்லாம் குத்தகைக் காணியில். போன மாரிக்கு முன் எங்கள் குடில் நின்ற காணியைக் குத்தகைக்குக் கேட்டு வந்தான். கதிரையில் இருந்து கோப்பையில் தேத்தண்ணி குடித்தான். அண்ணாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "குத்தகை என்னத்துக்கு? அவனுக்கே வித்துவிடு, தம்பி. விலையையும் பார்த்துச் சொல்லு" என்றார். அக்காவும் சம்மதித்துவிட்டா. காணி பங்கு பிரிக்காதது என்பதால் சித்தப்பாவின் கையெழுத்தும் வேண்டும். அவருக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. கடதாசியைக் கொண்டுபோய் வைத்தபோது, "வாங்கிறதுக்கு ஊரிலை வேறை ஆக்கள் இல்லையே?" என்று கேட்டார்.

கடதாசி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. அடுத்த கிழமை திரும்பவும் போகப்போகிறேன், நொத்தாரிசுவையும் கூட்டிக்கொண்டு.