செத்தால் சிலை

பிரிட்டிஷ் நூலகம் 2025 அக்டோபரில் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டுக்கு வாசகர் அட்டை வழங்கியது. அட்டையில் காலாவதித் தேதி 30 நவம்பர் 1900, அவர் இறந்த நாள். காலாவதியான அட்டையை விழா எடுத்துக் கொடுக்கும் நாகரிகம் லண்டனுக்கே உரியது. பேரன் வந்து வாங்கிக்கொண்டார்.

ஆண்களோடு உறவு வைத்திருந்தார் என்று 1895 மே மாதம் அவருக்கு இரண்டாண்டு கடுங்காவல் விதித்தார்கள். மூன்றே வாரத்தில் வாசகர் அட்டையையும் பறித்தார்கள். சிறைக்குள் கிடப்பவன் எப்படி நூலகத்துக்கு வருவான் என்று எந்த அறங்காவலரும் கேட்கவில்லை. நவம்பரில் கிளாபம் ஜங்ஷன் நடைமேடையில் கைவிலங்கோடு அரை மணி நேரம் மழையில் நிற்கவைத்தார்கள். கூட்டம் கூடிச் சிரித்தது. இன்று அதே ஸ்டேஷனில் நினைவுப் பலகை!

டிராஃபல்கர் சதுக்கம் பக்கம் 1998இல் சிலையும் வைத்தார்கள். கருங்கல் சவப்பெட்டியிலிருந்து தலை நீட்டுகிறார் வைல்ட். மத்தியானத்தில் ஆபீஸ்காரர்கள் அதன்மேல் உட்கார்ந்து சாண்ட்விச் தின்கிறார்கள். கையிலிருந்த சிகரெட்டை யாரோ திரும்பத் திரும்பத் திருடினார்கள். 2017இல் ஒரு சட்டம் போட்டு, அவரைப் போலத் தண்டனை பெற்று இறந்துபோன ஆயிரக்கணக்கான ஆண்களை மன்னித்தார்கள். அடித்தவன் அடிவாங்கியவனை மன்னிக்கிறான். என்ன பெருந்தன்மை!

வைல்ட் பிறந்த டப்ளின் மட்டும் யோக்கியமா? எட்னா ஓ பிரையன் லண்டனில் இருந்து எழுதிய முதல் நாவலை 1960இல் தடைசெய்த நாடு, 2024இல் அவர் கண்மூடியதும் குடியரசுத் தலைவர் வாயாலேயே புகழ்மாலை சூட்டியது.

உயிரோடிருக்கும் அயர்லாந்து எழுத்தாளரின் கதை வேறு. பாலஸ்தீன் ஆக்‌ஷன் என்ற போராட்ட அமைப்பை 2025 ஜூலையில் பிரிட்டன் பயங்கரவாத அமைப்பென்று தடைசெய்தது. என் எழுத்துக் காசை அவர்களுக்குத்தான் தருவேன் என்றார் சாலி ரூனி. பயங்கரவாதச் சட்டத்தில் அதற்குப் பதினாலு வருஷம்வரை போடலாம். இந்தத் தடை நீடித்தால் பிரிட்டனில் தன்னால் புதிய புத்தகம் வெளியிட முடியாமல் போகும் என்று நவம்பரில் உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தார். கடை கடையாய் விற்கும் காதல் நாவல்காரிக்கே இந்தக் கதி. இந்தச் சட்டம் நமக்குப் புதிதல்ல. 2001இல் விடுதலைப் புலிகளைத் தடைப் பட்டியலில் போட்டதும் இதே சட்டம்தான். 2009இல் இலங்கைப் போரை நிறுத்தச் சொல்லி பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கு எதிரே நின்று கத்திய நம் பிள்ளைகளின் கொடியையும் இதே சட்டக் கண்ணாடி மாட்டித்தான் பார்த்தார்கள்.

பஞ்சம் தீர ஏழைக் குழந்தைகளைச் சமைத்துத் தின்னுங்கள் என்று 1729இல் டப்ளினிலிருந்து கிண்டலாய் யோசனை சொன்னார் ஸ்விஃப்ட் பாதிரியார். என் யோசனை அவ்வளவு கொடூரமில்லை. உள்துறை ஐயாமார்களே, எழுத்தாளரைக் குற்றவாளியாக்கும் உத்தரவையும் அவர் சிலைக்கான டெண்டரையும் ஒரே கோப்பில் வைத்து ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நூறு வருஷம் எதற்குக் காத்திருக்க வேண்டும்? கருங்கல் விலை வேறு ஏறிக்கொண்டே போகிறது.