வெளுத்துக்கட்டு! ராயபுரம் சித்தப்பா பதில்கள்

தொடை இடுக்கு மட்டும் கறுப்பா இருக்குது சித்தப்பா. நோயா? – வாசகி, காசிமேடு

நோயில்லைம்மா, வயசுக்கு வந்த அடையாளம். அந்த இடத்து நிற அணுக்கள் ஹார்மோன் பேச்சைத் தட்டாதவை. பருவம் வந்தால் கறுக்கும், வயிற்றில் பிள்ளை இருந்தால் இன்னும் கறுக்கும். மிச்சத்தை உரசல் பார்த்துக்கொள்ளும். வெள்ளைக்காரிக்கும் அங்கே ஒரு சாயல் தூக்கல்தான். அவள் கடிதம் போடவில்லை, அவ்வளவே.

கழுத்துப் பின்பக்கம், அக்குளெல்லாம் சேர்ந்து தடிப்பா கறுக்குதே? – எர்ணாவூர்

இது வேறு கதை. க்ரீம் கடை வேண்டாம், ரத்தத்தில் சர்க்கரை பார். உடம்பில் இன்சுலின் சரியாக எடுபடவில்லை என்றால் தோல்தான் முதலில் போட்டுக்கொடுக்கும்.

அந்த இடத்து கறுப்புக்கும் அரிப்புக்கும் மெடிக்கல்ல சீட்டு இல்லாமலே ஒரு ட்யூப் குடுத்தாங்க. நாலே நாள்ல பளிச்! – தண்டையார்பேட்டை

அவ்வளவு சீக்கிரம் பளிச்சென்றால் உள்ளே ஸ்டீராய்டு உட்கார்ந்திருக்கிறதா என்று பார், தம்பி. 1967-ல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உடம்பில் எந்த இடம் எவ்வளவு ஸ்டீராய்டு உறிஞ்சும் என்று அளந்தார்கள். முன்கை 1 என்றால் விதைப்பை 42. முகத்துக்கே வேண்டாம் என்கிற மருந்தை நீ எங்கே கொண்டுபோய்த் தடவியிருக்கிறாய், பார்!

தோல் மெலியும், வரி வரியாகக் கோடு விழும், கோடு அழியாது. அரிப்பு படர்தாமரையாக இருந்தால் ஸ்டீராய்டு அதற்குப் பந்தி போட்டுப் பரிமாறும். 2018-லேயே இந்தக் களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. கடைக்காரர் காதில் இன்னும் விழவில்லை போலிருக்கிறது.

தோலை வெளுக்கற ஹைட்ரோகுவினோன் பூசலாமா? – கெமிக்கல் கம்பெனி ஊழியர், திருவொற்றியூர்

டாக்டர் பார்வையில், கொஞ்ச நாள் என்றால் சரி. நீயே வருஷக்கணக்கில் பூசினால் தோல் நீலக்கறுப்பாகிவிடலாம். வெளுக்கக் காசு கட்டி, கறுத்ததற்கு ரசீது வாங்குவாய்.

பேர் போடாத டப்பா க்ரீம் ஆபத்தா? – எண்ணூர்

2023-ல் மலப்புரத்தில் சிறுநீரகம் கெட்டு வந்த பலரை டாக்டர்கள் துருவிக் கேட்டார்கள். பொதுவாக இருந்தது சிவப்பழகு க்ரீம், அதில் பாதரசம். நிலக்கரி எரிந்தாலும் பாதரசம் வரும். அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, ஓசியில் வருவதைக் காசு கொடுத்தும் வாங்குவானேன்?

லேசர் வைத்து வெளுக்கலாமாமே? – பழைய வண்ணாரப்பேட்டை

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனுக்குத் துணி வெளுத்துக் கொடுத்து உண்டான பேட்டை உன்னுடையது. அங்கேகூட ஆளை வெளுத்ததாகச் சரித்திரம் இல்லை. 2018 ஜனவரியில் தாய்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி ஆண்களின் அந்த இடத்தை லேசரால் வெளுத்து உலகப் புகழ் பெற்றது. வலி, வீக்கம், தழும்பு வரும் என்று அந்நாட்டு சுகாதார அமைச்சகமே எச்சரித்தது. நம் தோல் சூடு பட்டால் பழிவாங்கிக் கூடுதலாகக் கறுக்கும் ஜாதி வேறு.

'வெள்ளையா இருந்தாத்தான் புடிக்கும்'ங்கறார் வீட்டுக்காரர். – பெயர் வேண்டாம், ராயபுரம்

2012-ல் இதே கதையை டி.வி. விளம்பரமாகவே எடுத்தார்கள். புருஷன் கண்டுகொள்ளவில்லை, பெண்டாட்டி அந்தரங்க இடத்தை வெளுக்கும் திரவம் வாங்குகிறாள், குடும்பம் விளங்கிவிடுகிறது. நாடே காறித் துப்பியது. உன் வீட்டுக்காரருடையது எந்த நிறம் என்று முதலில் டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லம்மா. மற்றதை அப்புறம் பேசலாம்.

ஃபேர் அண்ட் லவ்லி பேர மாத்திட்டாங்களே, திருந்திட்டாங்களா? – கல்மண்டபம்

1975-ல் வந்த 'ஃபேர்', 2020-ல் 'க்ளோ' ஆனது. நம்ம பக்கத்துப் பேட்டையைக் கருப்பர் பட்டணம் என்றுதான் வெள்ளைக்காரன் எழுதிவைத்திருந்தான். பிறகு ஜார்ஜ் டவுன் என்று மாற்றினான். பலகை மாறியது. கோட்டையை விட்டு அவன் இறங்க 1947 ஆனது.

டாக்டர்கிட்ட காட்ட வெக்கமா இருக்குது. – கொருக்குப்பேட்டை

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டு போடு. காலையிலிருந்து அந்த டாக்டர் பார்த்தவற்றோடு ஒப்பிட்டால் உன்னுடையது அவருக்கு டீ டைம்.

உங்க கலர் என்ன சித்தப்பா? – குறும்பன், காலாடிப்பேட்டை

2011-ல் ஐகோர்ட் நிறுத்தும்வரை துறைமுகத்து நிலக்கரித் தூசியில் சட்டை காயப்போட்டவன் நான். வெளியே தெரிவதை நீயே யூகி. உள்ளே இருப்பது பற்றிச் சித்தியிடமிருந்து இதுவரை புகார் வரவில்லை.